சுண்டு நின்ற பத்து விநாடி

பொம்மைக்கு உயிர் கொடுப்பது சாமி காரியம் என்று நினைப்பவர்கள் கோயம்புத்தூர் பீளமேட்டில் பொம்மைப் படம் எடுக்கிற அந்தப் பழைய பஞ்சுக் கிடங்குக்கு ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே அது கழுத்துவலி பிடிக்கிற காரியம். பொம்மையை நூலளவு நகர்த்து, விலகு, ஒரு படம் எடு. மறுபடி நகர்த்து, விலகு, எடு. இப்படி நூற்றிருபது தடவை செய்தால் திரையில் பத்து விநாடி ஓடும்.

அங்கே குரு ஜெசிந்தா, வயது முப்பத்திரண்டு. சீடர் மருதாசலம், வயது அறுபத்தொன்று, தொழில் பல் வைத்தியம். மருதாசலம் "மாஸ்டர்" என்று கூப்பிடுவார். ஜெசிந்தா "டாக்டர்" என்று கூப்பிடுவார். யார் யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்பது டீ கொண்டுவருகிறவருக்கு முதல் ஒரு வாரம் விளங்கவே இல்லை.

அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு சிறுவர் புத்தகத்தின் கதை. ஒரு பூதம் நிலாவை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. சுண்டு என்கிற ஒரு சாண் உயரப் பெண் அதைத் தேடிக் குகைக்குப் போகிறாள். "பயமா இருக்கா?" என்று பூதம் குனிந்து கேட்கிறது. சுண்டு பத்து விநாடி பேசாமல் நிற்கிறாள். அப்புறம்தான் பதில் சொல்கிறாள். கதையே அந்தப் பத்து விநாடியில்தான் இருக்கிறது. எட்டு மாதமாகக் கற்றுக்கொண்டிருந்த மருதாசலத்துக்கு மாஸ்டர் கொடுத்த முதல் காட்சி அதுதான்.

ஏழு முறை எடுத்தாயிற்று. ஏழு முறையும் சுண்டு கடை அலமாரியில் வைத்த பொம்மை மாதிரியே நின்றாள். சனிக்கிழமை குகை செட்டைப் பிரித்துவிடுவார்கள். அதற்குள் சரியாக வராவிட்டால் சுண்டுவை விட்டுவிட்டுப் பூதத்தின் முகத்தை மட்டும் காட்டிச் சமாளிப்பது என்று பேச்சு. அப்படி நடந்தால் இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று மருதாசலம் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

புதன்கிழமை காலை கேட்டே விட்டார்.

"இவளுக்கு எப்பங்க மாஸ்டர் உயிர் வரும்?"

ஜெசிந்தா சுண்டுவைப் பார்க்கவில்லை. மேடை ஓரத்தில் திருகியிருந்த மரத் தாங்கியைப் பார்த்தார். அதில் தோல் பட்டை போட்டு மணிக்கட்டைக் கட்டிக்கொண்டுதான் மருதாசலம் பொம்மையைத் தொடுவார்.

"இது எதுக்கு டாக்டர்?"

"பழக்கமுங்க."

"பல்லு பிடுங்கறப்பவும் கட்டிக்குவீங்களா?"

மருதாசலம் பட்டையை அவிழ்த்தார். வலது கையை நீட்டினார். விரல்கள் நடுங்கின.

"மூணு வருஷமா இப்படித்தானுங்க. கை நடுங்கற டாக்டர்கிட்ட யாரு வாயைத் திறப்பாங்க? கிளினிக்கை மூடிட்டேன். இங்கயும் தெரிஞ்சா அனுப்பிருவீங்கன்னு மறைச்சேன்."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜெசிந்தா சுண்டுவை எடுத்து ஓரமாக வைத்தார். காமிராவைத் திருப்பினார்.

"பூதத்துக்கு முன்னாடி நீங்க நில்லுங்க."

"நானுங்களா?"

"நீங்கதான். பத்து நிமிஷம். துளிகூட அசையக் கூடாது."

மருதாசலம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"கை முன்னாடி."

முன்னால் கொண்டுவந்தார். ஐந்து விநாடிக்கு ஒரு படம் விழுந்தது. கோயில் தூண்கூட இப்படி நின்றிருக்காது என்று அவருக்கு நினைப்பு.

எடுத்த படங்களை ஜெசிந்தா ஓட்டிக் காட்டினார். மருதாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் நின்றவரின் தோள் ஏறி இறங்கியது. தொண்டை எச்சிலை விழுங்கியது. உடம்பு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறியது. கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"இவ்வளவு ஆடறனுங்களா?"

"ஆடறீங்க. ஓடினீங்களா?"

"இல்லீங்க."

ஜெசிந்தா மரத் தாங்கியைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மருதாசலம் தான் நின்ற படங்களை இன்னும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு சுண்டுவைப் பழைய இடத்தில் நிறுத்தினார். அவள் பாதங்கள் இரண்டையும் அடியிலிருந்து இறுக்கித் திருகினார். சொத்தைப் பல்லைத் தேடும் ஊசியால் அவள் தோளை மெல்ல ஏற்றினார், இறக்கினார். அவர் கை நடுங்கும்போதெல்லாம் அவள் விரலும் துள்ளியது. ஏழு முறையும் திருத்தித் திருத்தி அழித்த துள்ளலை இந்த முறை அவர் அப்படியே விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நூற்றிருபதாவது படம் முடிந்தது. ஓட்டிப் பார்த்தபோது வர்ணம் பூசுகிறவர்கள், தைக்கிறவர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். முடிந்ததும் எல்லாரும் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்கட்டும்" என்றார் ஜெசிந்தா. அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் பாதிக்கு மேல் பொடிசுகள். கிடங்கில் வேலை செய்தவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் பூதம் குனிந்தது.

"பயமா இருக்கா?"

பாப்கார்ன் கொறிக்கிற சத்தம் நின்றது. சுண்டு எச்சிலை விழுங்கினாள். அவள் விரல் நடுங்கியது. அவள் நின்றாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி நாற்காலிமேல் ஏறிவிட்டாள்.

"ஓடிராத சுண்டு!"

அவ்வளவுதான். தியேட்டரே பிடித்துக்கொண்டது. "ஓடிராத! ஓடிராத!"

"ஆமா, பயம்தான்" என்றாள் சுண்டு. "நிலாவை எடு."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் அடுத்த வசனம் ஒருவர் காதிலும் விழவில்லை. மருதாசலம் கண்ணாடியைக் கழற்றக்கூட மறந்து அழுதார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு முதல் கிளினிக் திறந்தபோதுகூட வந்ததில்லை.

படம் விட்டதும் வாசலில் குழந்தைகள் மொய்த்துக்கொண்டார்கள். சுண்டுவைப் பார்த்தே ஆக வேண்டுமாம். ஜெசிந்தா பெட்டியைத் திறந்து அவளை எடுத்து, மருதாசலம் வேண்டாம் என்பதற்குள் அவருடைய வலது உள்ளங்கையில் நிறுத்திவிட்டார். கை நடுங்கியது. சுண்டு தலை முதல் கால் வரை ஆடினாள்.

நாற்காலிமேல் ஏறிய அதே சிறுமி கிட்டத்தில் வந்து உற்றுப் பார்த்தாள்.

"நிலாதான் கிடைச்சிருச்சே. இன்னும் எதுக்கு நடுங்கறா?"

மருதாசலம் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். ஜெசிந்தா அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நடுங்கலை கண்ணு" என்றார் ஜெசிந்தா. "சிரிக்கறா."