பலகையில் மிச்சமிருந்த ஓர் இடம்

சங்குபுரம் கிளை நூலகத்தில் கோடை வந்தால் வாசலில் ஒரு பலகை வைப்பார்கள். நல்ல மாயக்கதை எழுதுகிறவர்களின் பேர் அதில் இருக்கும். சும்மா தெருவில் போகிறவர்களையும் உள்ளே இழுக்கத்தான் அந்த ஏற்பாடு. பேர் ஏறியவரின் புத்தகங்களை நூலகமே புதிதாக வாங்கிவிடும். அந்த வருஷம் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அதற்கு நூலகத்தின் வாசகர் வட்டத்தில் மூன்று பேர் மல்லுக்கு நின்றார்கள்.

நாச்சியார் டீச்சர், "செங்குன்றனார். அவர் தமிழுக்குத் தேவலோகமே எறங்கி வரும்" என்றார்.

எலக்ட்ரிக் கடை காதர், "பாரிவளவனைப் போடுங்க டீச்சர். பறக்கிற யானைப் படை. படிச்சா கடையச் சாத்தவே மறந்துரும்" என்றார்.

மரியபுஷ்பம் பாதிக் குரலில், "குயிலம்மாள்" என்றாள். அவர் எழுதியது, கடலையே குடத்தில் அடைத்த ஒரு பெண்ணின் கதை. ஒல்லிப் புத்தகம். மரியபுஷ்பத்திடம் இருப்பதுதான் கடைசிப் பிரதியோ என்னவோ. பலகையும் கைவிட்டால் அந்தப் பேரே இல்லாமல் போகும் என்று அவளுக்குப் பயம்.

அந்த வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம். பேரைச் சொல்லலாமே தவிர, தன் ஆளுக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. புத்தகத்தை எதிராளி கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் படித்துவிட்டு வந்து சொல்வதுதான் சாட்சி. காதரின் புத்தகம் டீச்சருக்குப் போனது. டீச்சருடையது மரியபுஷ்பத்துக்கு. அவளுடையது காதருக்கு.

அடுத்த ஞாயிறு கூடினார்கள்.

"யானைப் படையில குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கல, காதர்" என்றார் டீச்சர்.

தோற்றாலும் பரவாயில்லை என்று மரியபுஷ்பமும், செங்குன்றனார் தன்னை அழவைத்ததை மறைக்காமல் சொன்னாள்.

காதர் மட்டும் வெறுங்கையோடு நின்றார். "நான் படிக்கலம்மா. கல்லா மேல வச்சிருந்தேன், வீட்டுக்காரி எடுத்துட்டா. அவகிட்டருந்து கொழுந்தியா. இப்ப எதிர்வீட்டு மருமக கையில இருக்காம். கேட்டா, முடிச்சிட்டுத் தாரேங்கிறாங்க."

"சாட்சி இல்லன்னா பேரும் இல்ல" என்றார் டீச்சர். மரியபுஷ்பத்துக்கு முகம் செத்துப்போனது. நூலகர் இளவழகன் சாக்பீஸும் கையுமாகப் பலகை முன்னால் நின்றார்.

நீங்களே சொல்லுங்கள், அந்த இடம் யாருக்குச் சேரும்?

விடை: குயிலம்மாளுக்குத்தான். மற்ற இரண்டையும் படித்தவர்கள், படித்தே ஆகவேண்டும் என்று படித்தவர்கள். இதைப் படித்தவர்களை யாரும் படிக்கச் சொல்லவில்லை. பலகை வைப்பதே அப்படிப்பட்டவர்களுக்காகத்தானே? நூலகர் இதைச் சொன்னதும் டீச்சர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சாக்பீஸைத் தானே வாங்கி, தெருமுனைக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதினார். "அந்த மருமகளுக்கு அடுத்து நான்தான், சொல்லிட்டேன்" என்றார். "எனக்கே இன்னும் வரிசை வரல டீச்சர்" என்றார் காதர். மரியபுஷ்பம் யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. பலகையை ஒற்றை ஆளாகத் தூக்கிப்போய் வாசலில் நிறுத்தினாள்.