கவிழ்ந்து நின்ற கலாமணி

கோவையில் கலாமணி என்பவர் பிரேக் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் ஒரு சிஷ்யர் இருந்தார். பெயர் வெள்ளிங்கிரி, குருவைவிட வயதில் மூத்தவர். காலமெல்லாம் லாரி ஓட்டிவிட்டு, மிதித்தது போதும், வண்டி எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்து சேர்ந்தவர். குரு அவரை அண்ணா என்பார், அவர் குருவை மேஸ்திரி என்பார். இதென்ன முறை என்று சிரித்தவர்கள் உண்டு. இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல்முறையாக ஒரு கார் முழுக்க வெள்ளிங்கிரியின் பொறுப்பில் வந்தது. வால்பாறையில் கல்யாணம். கார்க்காரர் குடும்பத்தோடு மலையேறி இறங்க வேண்டும். பழைய பிரேக்கை நம்பாமல், முன்சக்கரம் இரண்டுக்கும் பெரிய டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற பெரிய கேலிப்பரும் போடச் சொல்லிவிட்டார்.

வெள்ளிங்கிரிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மாட்டுவதற்கு முன்பே கேலிப்பர்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, மேலே வெள்ளையில் ‘கலாமணி’ என்று எழுதினார். தன் பெயரை எழுத அவருக்குத் தோன்றவே இல்லை. பொம்பளையிடமா பிரேக் பார்ப்பது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் எல்லாம் சக்கர இடுக்கில் அதைப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

எல்லாம் மாட்டி முடித்துப் பெடலை மிதித்தார். பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போயிற்று.

பிரேக் ஆயிலுக்குள் காற்று நின்றால் அப்படித்தான் போகும். அது அவருக்குத் தெரியும். கேலிப்பரில் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து ஏர் எடுத்தார். பெடல் மாறவில்லை. மறுபடி எடுத்தார். ஆயில்தான் டப்பா டப்பாவாகத் தீர்ந்தது. மத்தியானம் ஆகிவிட்டது. சாயங்காலம் கார்க்காரர் வந்துவிடுவார். இந்தப் பெடலோடு மலை இறங்கினால் முதல் வளைவில் என்ன ஆகும் என்று லாரி ஓட்டியவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வெட்கத்தை விட்டுக் குருவிடம் போனார்.

“நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதானுங்க ஏர் எடுத்தேன். ஏனுங்க போக மாட்டேங்குது?”

கலாமணி காரைச் சுற்றி வந்தார். சக்கரத்தருகே குனிந்து தன் பெயரைப் படித்தார். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

பிறகு பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சிஷ்யரிடம் நீட்டினார்.

“இதுல இருக்கிற காத்தை வெளியேத்துங்ணா.”

வெள்ளிங்கிரி மூடியைத் திறந்து மெல்ல அமுக்கினார். தண்ணீர் வாய்வரை ஏறிற்று, காற்று போய்விட்டது. கையைத் தளர்த்தியதும் பாட்டில் பழையபடி ஆயிற்று.

“இப்பத் தலைகீழாப் புடிச்சு அமுக்குங்க.”

அமுக்கினார். தண்ணீர் கொட்டிக் கால் நனைந்தது. காற்று மேலேயே உட்கார்ந்திருந்தது.

சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டு காரைப் பார்த்தார். மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கேலிப்பரின் அடியில் இருந்தது.

காரணமும் அப்போதே விளங்கிவிட்டது. பெயர் எழுதும்போது கேலிப்பரைத் தலைகீழாக வைத்து எழுதிவிட்டார். மாட்டும்போது பெயர் கவிழ்ந்து தெரிந்தது. குருவின் பெயரைக் கவிழ்க்க மனம் வராமல், இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டார். போல்ட்டும் ஒத்துக்கொண்டது, பெயரும் நிமிர்ந்தது.

கலாமணி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். வெள்ளிங்கிரி இரண்டையும் கழற்றிச் சரியான பக்கத்தில் மாட்டி, மறுபடி ஏர் எடுத்தார். காற்று குமிழ் குமிழாக வந்து தீர்ந்தது. பெடல் கல் மாதிரி நின்றது.

குரு தானே ஏறி, தெருக்கோடி வரை ஓட்டி, மிதித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“வேலை சுத்தம்” என்றார்.

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை லேசில் வராது. வெள்ளிங்கிரிக்குப் பெருமைதான். இருந்தும் அவர் கண் சக்கரத்தை விட்டுப் போகவில்லை. அழித்து எழுத நேரமில்லை. கார்க்காரர் குடும்பத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

“உங்க பேரு கவுந்து கெடக்குதுங்களே மேஸ்திரி. பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

கலாமணி சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

“மலை எறங்கி வர்றவங்க வாயில நேரா இருந்தாப் போதுங்ணா.”