மூடாத மோர்

வேப்பங்குளத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் மோருக்கு மூடி போட்டுத்தான் கொடுப்பார்கள். பக்கத்திலேயே இரும்பாலை இருக்கிறதே.

அந்த ஆலையை இன்னும் பெரிதாக்க, ஊர் மைதானத்தில் கூட்டம் போட்டார் மேலாளர் ரகோத்தமன். ஒரு வண்ணப்படத்தை மாட்டிவைத்து, "புகை எந்தப் பக்கம் போகும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டாச்சு. எல்லாம் கடலுக்குப் போயிடும். இங்கே பொட்டுக் கரி விழுதுன்னா இப்பவே நிரூபிங்க" என்றார்.

கூட்டத்தில் இருந்த ஊர்க்காரி சிட்டம்மாள் எழுந்து வீட்டுக்குப் போனாள். ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

பேசி முடித்துவிட்டு டம்ளரை எடுத்தவர் முகம் சுளித்தார். மோர்மேல் கரி மிதந்தது.

"என்னம்மா, இதை மூடிக் கொண்டுவரக் கூடாதா?"

"உங்க படத்தை நம்பித்தான் மூடலைங்க. மோருக்காவது மூடி இருக்கு. எங்க பிள்ளைங்க மூக்குக்கு எங்கே போய் மூடி வாங்குறது?"