மிதந்த மீன்களும் மூன்று குழிகளும்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள் குழந்தைகளே, நிஜமாகவே இருந்தது! அங்கே நீரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர் நீர்நாய் சார். மரங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர் மரங்கொத்தி டீச்சர். ஒரு வகுப்பில் எழும் கேள்வியை இன்னொரு வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே சட்டம். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ!

ஒருநாள் குளத்து மீன்கள் திடீரென்று வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

தலைமையாசிரியர் கரடி கரையில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "இது தவளைகளின் வேலை. தண்ணீரிலேயே கிடந்து அதைக் கெடுத்துவிட்டார்கள். நாளை மறுநாளுக்குள் குளத்தைக் காலிசெய்ய வேண்டும்!"

நுணலி என்ற மாணவத் தவளைக்குத் தொண்டை புடைத்தது. கோடைக்காலம். அவள் தம்பிகளுக்கு இப்போதுதான் வால் மறைந்திருக்கிறது. அவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

"ஐயா, போன வருஷமும் நாங்கள் இங்கேதான் இருந்தோம். அப்போது ஏன் மீன்கள் மிதக்கவில்லை?"

"நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? உட்கார்!"

உட்காருவதாவது! நேரே நீர்நாயிடம் தாவினாள்.

"சார், தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது?"

நீர்நாய் ஒரு வாய் குடித்துத் துப்பினார். "கசக்கிறது. கரையிலிருந்து ஏதோ விழுந்திருக்க வேண்டும். ஆனால் கரை என் பாடம் இல்லையம்மா."

மரங்கொத்தியிடம் தாவினாள். "கரையிலிருந்து என்ன விழுகிறது டீச்சர்?"

"மருக்காரைக் காய். குளத்தங்கரையில் நிற்கும் அந்த மரம் இந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்திருக்கிறது. தண்ணீரில் விழுந்தபிறகு காய் என்ன செய்யும் என்பது என் பாடத்தில் வராதே!"

"நன்றாயிருக்கிறது! பாதி உண்மை அவரிடம், மீதி உங்களிடம். நடுவில் தெருவில் நிற்பது நாங்கள்!"

மரங்கொத்திக்குச் சுருக்கென்றது. பறந்துபோய் நீர்நாய் முன்னால் இறங்கினார்.

"சார், நாளைக்கு நம் இரண்டு வகுப்பும் ஒன்றாக நடக்கட்டும்."

"சட்டம்?"

"மீன் இல்லாத குளத்தில் சட்டத்தையா சாப்பிடப்போகிறீர்கள்?"

நீர்நாய்க்கு அந்த வாதம் உடனே புரிந்துவிட்டது.

மறுநாள் ஆசிரியர்கள் இருவரும் விடை சொல்லவில்லை. "எங்களுக்கும் சந்தேகம்தான் இருக்கிறது. சோதித்துக் கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு" என்றார்கள்.

மாணவர்கள் மூன்று குழிகள் தோண்டினார்கள். நீர்நாய் காட்டிய ஊற்றிலிருந்து நீர் நிரப்பி, அங்கேயே பிடித்த அயிரை மீன்களைக் குழிக்கு இரண்டாக விட்டார்கள். முதல் குழியில் நுணலியே தன் உறவினரோடு குதித்தாள். இரண்டாவதில், மரங்கொத்தி கொத்தித் தள்ளிய காய்களை நசுக்கிப் போட்டார்கள். மூன்றாவதில் ஒன்றும் போடவில்லை.

"சும்மா ஒரு குழி எதற்கு? வெட்டி வேலை!" என்றது அணில்.

"ஒப்பிட்டுப் பார்க்க" என்றாள் நுணலி. "இல்லாவிட்டால் குழியின் மேலேயே பழியைப் போடுவார்கள்."

பொழுது சாய்வதற்குள் கரடியை அழைத்துவந்தார்கள். தவளைக் குழியில் மீன்கள் துள்ளின. சும்மா இருந்த குழியிலும் துள்ளின. காய்க் குழியிலோ மயங்கி மிதந்தன. அவற்றை எடுத்து நல்ல நீரில் விட்டதும், சற்று நேரத்தில் வாலாட்டத் தொடங்கின.

"ஏதோ தற்செயல்" என்றார் கரடி.

"அதனாலென்ன? நாளைக் காலையிலேயே மறுபடி செய்வோம் ஐயா!"

செய்தார்கள். அதே முடிவு. மூன்றாம் முறையும் செய்தார்கள். அதே முடிவுதான்!

கரடி தொண்டையைச் செருமினார். "தவளைகள்... இருக்கட்டும்."

"காதில் விழவில்லை ஐயா!" என்று இரண்டு வகுப்பும் சேர்ந்து கத்தியது.

"தவளைகள் மேல் குற்றமில்லை! குளம் அவர்களுடையதுதான்! போதுமா?"

குரங்குகள் குளத்திலிருந்த காய்களை அள்ளி வெளியே வீசின; மரத்தில் மீதி இருந்தவற்றையும் பறித்துத் தூரப் போட்டன. அன்று தவளைகள் போட்ட ஆரவாரத்தில் காடே அதிர்ந்தது. நுணலியின் தம்பிகள்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினார்கள்.

நீதி: கற்பிப்பவர்கள் கைகோத்தால், கற்பவர்கள் கண்டுபிடிப்பார்கள்.