ராணியின் குறையை ராஜா சொன்ன கதை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தாழைக்கரை என்றொரு நாட்டைச் செண்டலங்காரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவனில்லை. காலையில் ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு, அவ்வளவுதான்.

அவன் சபையில் ஒரு வழக்கம். பெண்ணுக்குக் குறை என்றால் அவள் வீட்டு ஆண்தான் வந்து சொல்ல வேண்டும். பண்ணையாளுக்குக் குறை என்றால் பண்ணையார்தான் சொல்ல வேண்டும். அடித்தவன் வாயால்தான் அடிபட்டவன் அழ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதைக் கட்டிக்காத்தவர் சபை மூத்தவர் கைலாசநம்பி.

ஒரு நாள் செங்கமலம் என்ற பெண் சபைக்கு வந்தாள். கூடவே அவள் வயசுப் பையன்களும் பெண்களுமாக ஒரு கூட்டம். முன்னால் காத்தான் என்ற பண்ணையாள். அப்பன் அவளுக்கென்று விட்டுப்போன கிணற்றை அண்ணன் பிடுங்கி முள்வேலி போட்டுவிட்டான். அவளுடைய கத்தரிக் கொல்லை காய்ந்துகொண்டிருந்தது. சபை அண்ணனைக் கூப்பிட்டது. தங்கைக்கு ஒரு குறையும் இல்லை, சந்தோஷமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அவன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நின்றான்.

வழக்கு முடிந்தது என்றார் கைலாசநம்பி. செங்கமலம் நகரவில்லை.

"குறை சொல்லவில்லை ஐயா, ஒரு சந்தேகம். ராணியம்மாவுக்கு ஒரு குறை வந்தால்?"

"அதுவும் மகாராஜா வாயால்தான். வழக்கம் யாருக்கும் வளையாது."

காத்தான் கையைக் கட்டிக்கொண்டே, "எங்களுக்கு முறை தெரியலை சாமி. மகாராஜா ஒரு தடவை சொல்லிக் காட்டினால் பார்த்துக் கத்துக்குவோம்" என்றான்.

ராஜாவுக்கு அன்றைக்கு விளையாட்டு மனசு. சிம்மாசனத்தை விட்டு இறங்கி, திரைக்குப் பின்னாலிருந்த ராணியிடம் போய்க் கேட்டான். திரும்பும்போது முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. குறை சொல்பவர் இடத்தில் நின்று தொண்டையைச் செருமினான்.

"ராணி சொல்வது என்னவென்றால், தாயம் ஆடுவதில் ராஜா மகா கெட்டிக்காரர். அவரை ஜெயிக்கவே முடியவில்லையாம்."

"நான் அப்படியா சொன்னேன்?" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "கள்ள ஆட்டம் ஆடுகிறார், தோற்றால் காயைக் கலைத்துவிடுகிறார் என்றல்லவா சொன்னேன்."

ராணியின் குரல் சபையில் செல்லாது, மகாராஜா சொன்னதே ராணியின் குறை என்று கைலாசநம்பி கொஞ்சமும் கூசாமல் தீர்ப்புச் சொன்னார். சபையோர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

செங்கமலம் சிரிக்கவில்லை. "மகாராஜா, தாய ஆட்டத்துக்கே இந்தக் கதி என்றால் என் கிணறு என்ன ஆகும்?"

பொய் சொல்ல வேண்டும் என்று ராஜா நினைத்துப் போகவில்லை. நாக்கு தானாகவே தன் பக்கம் புரண்டுவிட்டது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"நீயே சொல்லம்மா" என்றான்.

அவள் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் முள்வேலி போயிற்று. அடுத்துக் காத்தான் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. அன்றோடு அந்த வழக்கம் ஒழிந்தது.

கைலாசநம்பி எழுந்து, இந்தப் புது ஏற்பாட்டைப் பற்றித் தனக்குப் பெரிய குறை இருப்பதாகச் சொன்னார்.

"அதை நீர் சொல்லக் கூடாது" என்றான் ராஜா. "உம் வீட்டு அம்மாளிடம் சொல்லி அனுப்பும்."

மறுநாள் அந்த அம்மாள் வந்தார். புருஷன் சொல்லியனுப்பியது மறந்துபோயிற்று என்று சொல்லி, தன் குறையைச் சொல்ல ஆரம்பித்தார். விளக்கு வைக்கும் நேரம் வரை முடியவில்லை.