வடிவு பாடுகிறாள்

"அம்மா, மூணு நாளா என் வீட்டுல பாட்டுச் சத்தம் கேக்குது."

"கேக்கட்டுமே அண்ணாச்சி."

"பாடுறது என் வீட்டுக்காரி."

மரகதம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நல்லாப் பாடுவாங்களா?"

குத்தாலிங்கத்துக்கு எரிச்சல் வந்தது.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வயது அறுபத்திரண்டு. மலையடிவாரத்திலிருந்த அந்தச் சின்ன மடத்துக்கு ஆறு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் வருகிறார். மடத்தை நடத்தும் மரகதம்மைக்கு முப்பத்தெட்டுதான். என் மகள் வயசுப் பெண்ணிடம் என்னத்தைக் கேட்க என்று முதல் வாரம் நினைத்தார். இரண்டாவது வாரமும் வந்தார். அப்புறம் நினைக்கவில்லை.

அவர் மனைவி சண்முகவடிவுக்கு இருமுனை நோய். பைபோலார் என்று டாக்டர் சொல்லி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மனம் ஏறினால் தெருவுக்கே புட்டு அவிப்பாள், நாள்கணக்கில் தூங்கமாட்டாள். இறங்கினால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். தலை சீவிவிட ஆள் வேண்டும்.

கடைசியாக நோய் வந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. மாத்திரை ஒத்துக்கொண்டது. வடிவு நன்றாக இருந்தாள்.

குத்தாலிங்கம்தான் நன்றாக இல்லை.

"அவ தங்கச்சி மகனுக்கு வியாழக்கிழமை கல்யாணம். நலங்குப் பாட்டு இவதான் பாடணுமாம். அடுப்படியில பாடுதா, கிணத்தடியில பாடுதா. நேத்து பாடிக்கிட்டே தனியாச் சிரிச்சா. போன தடவையும் பாட்டுலதான் ஆரம்பிச்சது. பாட வேண்டாம்னு சொல்லிரட்டாம்மா? இல்ல, கல்யாணத்துக்கே கூட்டிட்டுப் போகாம இருந்துரட்டா?"

"பாடாதேன்னு சொன்னா என்ன செய்வாங்க?"

"நிறுத்திருவா." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "நான் மூஞ்சியைப் பார்த்தாலே நிறுத்திருதா."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். தன் அக்கறைக்கு அத்தாட்சி வேண்டுமல்லவா.

மரகதம்மை கையைத் துடைத்துவிட்டுப் புரட்டினார். கட்டம் கட்டி எழுதியிருந்தது. தூக்கம், மாத்திரை, சாப்பாடு, பேச்சு, சிரிப்பு.

'ஞாயிறு: காரணமில்லாத சிரிப்பு, இரண்டு தடவை.'

'செவ்வாய்: பக்கத்து வீட்டில் அரை மணி நேரம் பேச்சு. கவனிக்கவும்.'

"கையெழுத்து அழகா இருக்கு" என்றார் மரகதம்மை. "கடைசிப் பக்கத்துல நானும் ஒரு நாளைக்கு எழுதிப் பார்க்கட்டுமா?"

"வடிவு இங்க இல்லையேம்மா."

"நீங்க இருக்கீங்கள்லா."

குத்தாலிங்கம் சிரித்தார்.

மரகதம்மை கடிகாரத்தைப் பார்த்தார். எழுதினார்.

*

காலைப் பலகாரத்துக்கு உளுந்த வடை. குத்தாலிங்கம் மூன்றாவது வடையை எடுத்தார். மரகதம்மை எழுதினார்.

தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகியது. குத்தாலிங்கம் விசிலடித்தபடி அதைச் சரி செய்தார். அதையும் மரகதம்மை எழுதினார்.

கன்றுக்குட்டி வந்து அவர் வேட்டியைச் சப்பியது. "என்ன மருமகனே, பசிக்கோ?" என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தார். வாழைக்குப் பின்னாலிருந்து பேனா கீறும் சத்தம் கேட்டது.

"அப்படி என்னதாம்மா எழுதுறீங்க?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

மத்தியானச் சாப்பாட்டில் ஊறுகாய்க்குக் கை போனது. எதிரே பேனா மூடி திறந்தது. கை திரும்பி வந்துவிட்டது.

சாப்பிட்டதும் பலா மரத்தடியில் போய் உட்கார்ந்தார். மடத்து நாய் தன் வாலையே துரத்திச் சுற்றிச் சுற்றி வந்து தொட்டிக்குள் விழுந்தது. குத்தாலிங்கம் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார்.

நான்கு மணிக்கு மரகதம்மை வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"வாசிக்கட்டுமா?"

"வாசிங்க."

"'எட்டரை மணி. காரணமில்லாத சிரிப்பு.'"

"நீங்க சொன்னதுக்குத்தான் சிரிச்சேன்!"

"'ஒன்பது. மூன்றாவது வடை. வழக்கம் இரண்டு.'"

"மொறுமொறுன்னு இருந்துச்சு, தின்னேன்!"

"'பத்தேகால். விசில். பதினொன்று. கன்றுக்குட்டியோடு நீண்ட பேச்சு. உறவுமுறை சொல்லி அழைத்தார். அதன்பின் என்ன எழுதுகிறீர்கள் என்று கோபம்.'"

"கோவம் வராம?"

"'ஒரு மணி முதல் சிரிப்பு இல்லை. பேச்சு இல்லை. ஊறுகாய் தொடவில்லை. மனம் இறங்குகிறது. டாக்டரிடம் சொல்லவும்.'"

குத்தாலிங்கம் எழுந்தே விட்டார்.

"ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல! எங்க எழுதிருவீங்களோன்னு பயந்துல்லா உக்காந்திருந்தேன்!"

கன்றுக்குட்டி மிரண்டு திரும்பிப் பார்த்தது.

மரகதம்மை பேனாவை மூடினார்.

குத்தாலிங்கம் மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு நாளைக்கே இந்தப் பாடு" என்றார். "அவளுக்கு நாலு வருஷம்."

வெகு நேரம் வேட்டி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோட்டைக் கிழிச்சுப் போட்டுரட்டாம்மா?"

"எதுக்கு? தூக்கத்தை எழுதுங்க. மாத்திரையை எழுதுங்க. டாக்டர் கேப்பாருல்லா."

"மத்ததை விட்டுட்டு, நாளைக்கு நெசமாவே வந்துருச்சுன்னா?" அவர் குரல் தணிந்தது. "போன தடவை மலை ரோட்டுல லாரிக்கு முன்னால போய்க் கை நீட்டி நின்னாம்மா. டிரைவர் நல்லவன், பிரேக்கு நல்லா இருந்துச்சு. எனக்கு எப்படித் தூக்கம் வரும்? முன்கூட்டியே எப்படித் தெரியும்?"

மரகதம்மை நோட்டை மூடி மடியில் வைத்தார்.

"அண்ணாச்சி, பஸ்ஸுல கோளாறு வரப்போகுதுன்னா யாருக்கு முதல்ல தெரியும்?"

"ஓட்டுறவனுக்கு."

"மெக்கானிக்குக்கு இல்லையா?"

"அவன் வெளியில நிக்கிறவன்லா? அவனுக்கு எப்படித் தெரியும்? உள்ள உக்காந்திருக்கிறவன் நான். ஸ்டீயரிங்ல லேசா ஒரு நடுக்கம் வரும். வேற ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்..."

நிறுத்திவிட்டார்.

மரகதம்மை நோட்டை அவர் பைக்குள் வைத்தார்.

"அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிங்க. இருட்டுறதுக்குள்ள போயிரலாம்."

*

வீட்டுக்குள் வடிவைக் காணவில்லை. புழக்கடையில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டும் நடந்துகொண்டிருந்தது. அவர் தலை தெரிந்ததும் நின்றுபோனது.

"மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம். மறக்கல" என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே.

"அதைக் கேக்க வரல."

வடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவர் போய்க் கொடியின் அந்த முனையில் தொங்கிய போர்வையை இழுத்தார். கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"வடிவு."

"என்ன?"

"அது வருதுன்னு உனக்குத் தெரியுமா? எங்களுக்கெல்லாம் தெரியறதுக்கு முன்னால?"

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டை பாதியில் நின்றது.

"தெரியும்."

"எப்படி?"

"முதல்ல செருப்புப் போடப் பிடிக்காது. தரை கால்ல படணும்போல இருக்கும். மறுநாள் உப்பு தெரியாது. எதைத் தின்னாலும் சப்புன்னு இருக்கும். அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தூக்கம் போகும்."

"இறங்கும்போது?"

"பிச்சிப் பூ வாசனை தெரியாது. நீங்க வாங்கிட்டு வருவீங்க. வச்சுக்கிடுவேன். பேப்பர் பூவாட்டம் இருக்கும்."

குத்தாலிங்கம் கீழே பார்த்தார். அவள் காலில் நீலச் செருப்பு இருந்தது.

அவள் அதைக் கவனித்தாள். ஒரு காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள்.

"மத்தியானம் ரசத்துல உப்பு கூடிப்போச்சு. அதுவும் தெரிஞ்சுது. போதுமா?"

"அப்போ பாடுறது?"

"அது பாட்டுங்க. கல்யாணத்துக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணையும் துடைக்க வேண்டியிருந்தது. போர்வையாலேயே துடைத்துக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு வடிவு. இதை ஏன் நீ ஒரு நாள்கூடச் சொல்லல?"

வடிவு போர்வையின் மறு முனையைப் பிடித்து, மடிப்பதற்காக இரண்டடி பின்னால் போனாள்.

"இன்னைக்குத்தானே கேக்கீங்க."