குதிகால்

ஆவுடையப்பன் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு மகப்பேறு மேற்படிப்புக்கு வந்தவர். அவருக்குப் பாடம் சொன்ன டாக்டர் ஜெசிந்தா அவரைவிட நான்கு வயது இளையவர்.

ஆவுடையப்பனின் ஆய்வு ஒரே கேள்வியைப் பற்றியது. வலி நீண்டு, குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்புக்குள் இறுகிப்போன பிறகு சிசேரியன் செய்தால் குழந்தையை எப்படி வெளியே எடுப்பது? கீழேயிருந்து ஒருவர் தலையை மேலே தள்ளிக் கொடுக்கலாம். இல்லையென்றால் வயிற்றுப் பக்கமாகக் கையை விட்டு, காலைப் பிடித்து இழுக்கலாம்.

"இழுக்கிற முறையிலதான் கர்ப்பப்பை கிழியறது குறைவு மேடம். அதுதான் சிறந்ததுன்னு எழுதிடலாமா?"

ஜெசிந்தா பதில் சொல்லுமுன் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்தது.

இசக்கியம்மாளுக்குத் தலைப்பிரசவம். பதினெட்டு மணி நேர வலி. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தாலும் விழித்துக்கொண்டுதான் கிடந்தாள்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

"துடிப்பு இருக்கும்மா," என்றார் ஜெசிந்தா.

ஆவுடையப்பன் கர்ப்பப்பையைத் திறந்தார். தலை அசையவில்லை. கையை மேலே செலுத்தினார். நீர் வற்றிய கர்ப்பப்பை அவர் மணிக்கட்டை இறுக்கியது.

"கால் கிடைச்சிடுச்சு மேடம். இழுக்கறேன்."

"குதிகால் தெரியுதா?"

அவர் கை நின்றது.

"இல்லை மேடம்." விரல்களால் தடவிப் பார்த்தார். "இது கை."

"விட்டுடுங்க. கர்ப்பப்பை தளரட்டும்."

அரை நிமிடம் போனது. இறுக்கம் குறைந்ததும் அவர் விரல்கள் மறுபடி தேடின.

"குதிகால்," என்றார்.

ஒரு கால் வந்தது. பிறகு இன்னொன்று. பெண் குழந்தை. உடம்பெல்லாம் நீலம் பாரித்திருந்தது. குழந்தை மருத்துவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வெகு நேரம் போலத் தோன்றியது. பிறகு அது அழுதது. இசக்கியம்மாளும் அழுதாள்.

கை கழுவும்போது ஆவுடையப்பன் கேட்டார்.

"நான் பிடிச்சது கைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது மேடம்?"

"தெரியாது சார். யார் இழுக்கறேன்னு சொன்னாலும் கேட்பேன்."

"எல்லாத் தடவையுமா?"

"நான் இழுத்தப்போ ஒரு தடவை என்னையே கேட்டுக்கலை." ஜெசிந்தா குழாயை மூடினார். "அந்தப் பையனுக்கு இப்ப ஏழு வயசு. வலது கை தோளுக்கு மேல எழும்பாது. இடது கையால நல்லா எழுதறான்."